மின்படகின் வேகப்பிடிக்கு மழை புகாக் கூடு

நாயுடுபேட்டைக்குத் தென்கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. கடலோடு தொடர்புடைய இவ்வுப்புநீர்ப் பரப்பில் காற்றும் உப்பைச் சுமந்து வருகிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்கிறது. கேரளத்தின் வைக்கம் துறையில் 2017-ஆம் ஆண்டு 75 பேர் செல்லத்தக்க 'ஆதித்யா' என்னும் சூரிய மின்படகு ஓடத் தொடங்கியது. அத்தகைய படகுகளை இதுபோன்ற நீர்நிலைகளில் இயக்க விரும்புவோர் வேகப்பிடியின் பாதுகாப்பை முதலில் கவனித்தல் வேண்டும்.

பிடியைத் திருப்பும்போது அதிலுள்ள காந்தம் நகர்கிறது. அருகிலுள்ள உணர்கருவி, 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி, காந்தப்புலத்திற்கேற்ற மின்னழுத்தத்தைத் தருகிறது. 5 வோல்ட்டில் இயங்கும் சாதாரணப் பிடியில் இது ஓய்வில் ஏறத்தாழ 0.8 வோல்ட், முழு வேகத்தில் 4.2 வோல்ட். கம்பி அறுந்தால் அளவு இவ்வெல்லைகளைக் கடந்துவிடும். நல்ல கட்டுப்பாட்டுக் கருவி அதனைப் பழுதென்று கொண்டு மோட்டாரை நிறுத்தும். உப்புநீர் கசிந்தாலோ, 5 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் ஒழுகி, எல்லைக்குள்ளேயே பொய்ச் சைகை தோன்றக்கூடும். கருவி அதனை உத்தரவென்றே கருதும். எவரும் தொடாத படகு தானே விரையும். படகில் இருப்போரின் உயிரே இக்கூட்டைப் பொறுத்துள்ளது.

பெட்டியை இறுக மூடுவது மட்டும் போதாது. வெயிலில் 50 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறிய பெட்டி மழையில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உட்காற்றின் அழுத்தம் சுமார் 8 சதவீதம் குறையும். இது 80 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். மயிரிழை இடுக்கு இருப்பினும் மூடியின்மேல் நிற்கும் நீர் உள்ளே இழுக்கப்படும். பின்னர் அது வெளியேற வழியிராது. சுடுநீரில் அலசிய பாட்டிலை நீருள்ள தட்டில் கவிழ்த்து ஆறவிட்டு, ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம்.

எனவே பிளாஸ்டிக் பெட்டியின் மூடிக்கு ரப்பர் வளையமும் கூரைபோன்ற சரிவும் அமைத்தல் வேண்டும். கம்பிகள் அடிப்புறமாக நுழைய வேண்டும்; நுழையுமுன் கீழ்நோக்கி வளைந்திருப்பின், அவற்றின்வழி ஓடும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். அடியில், மிகத் தாழ்ந்த இடத்தில், 3 மில்லிமீட்டர் துளை ஒன்று விட்டால் அழுத்தம் சமமாகும். சேர்ந்த நீரும் வடியும். அத்துளைவழி ஈரக்காற்று புகுமாதலால், உணர்கருவியையும் இணைப்புகளையும் எபாக்சிப் பிசினில் பதித்துவிட வேண்டும்.

இறுதியாக, மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் காய்ந்த கூட்டின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றிச் சோதிக்கலாம். வோல்ட்மீட்டர் காட்டும் ஓய்வுநிலை அளவு மாறாதிருத்தல் வேண்டும். எத்துணை நல்ல கூடாயினும், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் தனிச் சுவிட்சு ஒன்று படகோட்டியின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இன்றியமையாதது.