கூகுள், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாமே ஃப்ரீ... அப்போ கோடிக்கணக்கான பணம் எங்கிருந்து வருது?

காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப், பஸ்ஸில் போகும்போது யூடியூப், வழி தெரியலைன்னா கூகுள் மேப்ஸ். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதோடு சரி. இந்த ஆப்களுக்கென்று நம்மில் பெரும்பாலானோர் தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை.

ஆனால் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024-ம் ஆண்டு வருவாய் சுமார் 35,000 கோடி டாலர். அதில் 26,000 கோடி டாலருக்கும் மேல் விளம்பரத்தில் வந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டாவின் வருவாய் சுமார் 16,400 கோடி டாலர். அதில் 97 சதவீதத்துக்கும் மேல் விளம்பரம்தான்.

இலவசமா கிடைக்கிற ஒரு விஷயத்துல இவ்வளவு பணம் எப்படி? அதைப் புரிஞ்சுக்க, இணையத்தில் வியாபாரமே கூடாது என்று இருந்த காலத்தில் இருந்து தொடங்கணும்.

விளம்பரம் அனுப்பி திட்டு வாங்கியவர்

இணையத்தின் முன்னோடி ஆர்ப்பாநெட். 1969-ல் அமெரிக்க பாதுகாப்புத் துறையின் பணத்தில் உருவானது. பல்கலைக்கழகங்களும் ஆய்வு மையங்களும்தான் அதைப் பயன்படுத்தின.

1978 மே மாதம், டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் இருந்த கேரி தூர்க், சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் ஒரு மின்னஞ்சலை அனுப்பினார். 'எங்கள் புதிய கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள்' என்பதுதான் விஷயம். உடனே புகார்கள் குவிந்தன. நெட்வொர்க்கை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். உலகின் முதல் ஸ்பாம் மெயில் என்று இன்று சொல்லப்படுவது இதைத்தான்.

1980-களில் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை அமைத்த நெட்வொர்க்கிலும் இதே கட்டுப்பாடு இருந்தது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் மட்டுமே அனுமதி. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

இந்த நிலை 1990-களில் மாறியது. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை எனும் தொழில்நுட்பத்தை, உரிமத்தொகை இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 1993-ல் செர்ன் ஆய்வு மையம் அறிவித்தது. 1995 ஏப்ரலில் அமெரிக்க அரசின் அந்த முதுகெலும்பு நெட்வொர்க் மூடப்பட்டு, அந்த வேலை தனியார் நிறுவனங்களின் கைக்குப் போனது.

அதாவது, அடித்தளத்தைப் போட்டது பொதுமக்களின் வரிப்பணம். அதன் மேல் கடை விரிச்சது தனியார் நிறுவனங்கள். அதே 1995-ல் அமேசானும் இபேயும் வியாபாரத்தைத் தொடங்கின. நெட்ஸ்கேப் பிரவுசர் நிறுவனத்தின் பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே 28 டாலரில் இருந்து 58 டாலரைத் தாண்டியது. இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியதும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான்.

காசு கேட்கலாமா, விளம்பரம் போடலாமா?

கடை விரிச்சாச்சு. ஆனா, பக்கத்தைப் படிக்க வர்றவங்ககிட்ட எப்படிக் காசு வாங்குறது?

தேடிய பக்கம் இல்லை என்றால் வரும் '404' நமக்குத் தெரியும். அதே பட்டியலில் '402' என்று ஒரு எண்ணும் இருக்கிறது. 'பணம் செலுத்த வேண்டும்' என்பது அதன் பொருள். எதிர்காலத் தேவைக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் அது பொதுப் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. சின்னச் சின்னத் தொகையை இணையத்தில் வசூலிக்க அன்று எளிதான வழி கிடையாது. கார்டு எண்ணைப் பதிவிடவும் மக்கள் பயந்தார்கள்.

அந்த இடத்தை விளம்பரம் பிடித்தது. 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' இணையதளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் விளம்பரம் வெளியானது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதை கிளிக் செய்ததாகச் சொல்லப்படுகிறது. படிப்பவர் காசு தர வேண்டாம், விளம்பரதாரர் தருவார். டிவியில் இருந்த பழைய ஃபார்முலாதான்.

ஆனா டிவிக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். டிவி நம்மைத் திரும்பப் பார்க்காது. இணையம் பார்க்கும்.

ஷாப்பிங் கூடைக்கு வந்த குக்கி

அப்படிப் பார்க்கும் வசதி முதலில் உளவு பார்க்க உருவானதல்ல. 1994-ல் நெட்ஸ்கேப் இன்ஜினியர் லூ மோன்டுல்லிக்கு ஒரு சாதாரண சிக்கல். ஆன்லைன் கடையில் ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், நீங்கள் யார் என்பதையே இணையதளம் மறந்துவிடும். அதற்காக உங்கள் பிரவுசரில் ஒரு சின்னக் குறிப்பைச் சேமித்து வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதுதான் குக்கி.

இதை டபிள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் வேறு மாதிரி பயன்படுத்தின. நூற்றுக்கணக்கான தளங்களில் ஒரே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், எல்லாத் தளத்திலும் ஒரே குக்கியைப் படிக்கலாம். காலையில் நீங்கள் செருப்பு பார்த்தீர்கள், மதியம் செய்தி படித்தீர்கள் என்று கோத்துவிடலாம். ஒருமுறை பார்த்த செருப்பு உங்களை வாரக்கணக்கில் துரத்துவது இப்படித்தான். டபிள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக 2007-ல் அறிவித்தது யார் தெரியுமா? கூகுள்.

ஒவ்வொரு தேடலும் ஒரு ஏலம்

லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் மாணவர்களாக இருந்தபோது 1998-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறிகள் விளம்பரதாரர் பக்கம் சாயும் என்றே எச்சரித்தார்கள். அதே ஆண்டு கோடூ என்ற நிறுவனத்தின் பில் கிராஸ், தேடல் முடிவில் இடத்தை ஏலம் விடும் முறையைக் கொண்டு வந்தார். 2000-ல் கூகுளும் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் ஏலமும், கிளிக் செய்தால் மட்டும் கட்டணம் என்ற முறையும் அதில் சேர்ந்தன.

அந்த ஏலம் எப்படி நடக்குது? எளிமையா ஒரு உதாரணம்.

'மதுரை கல்யாண மண்டபம்' என்று தேடுகிறீர்கள். முதல் மண்டபம் ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் தரத் தயார். இரண்டாவது மண்டபம் 30 ரூபாய். அதிகத் தொகை சொன்னவருக்குத்தானே முதல் இடம்? இல்லை. விளம்பரம் எவ்வளவு பொருத்தமானது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. முதல் மண்டபத்துக்கு 4, இரண்டாவதற்கு 2 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 80-க்கு 60. முதல் மண்டபம் ஜெயிக்கிறது.

அவர் கட்ட வேண்டியது 20 ரூபாயும் இல்லை. அடுத்தவரின் 60-ஐத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவு, அதாவது 15 ரூபாய்க்குச் சற்று மேல். பார்க்க நியாயமான முறைதான். ஆனால் போட்டி அதிகமாக அதிகமாக, அந்த 15 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். மண்டபக்காரர் அதைத் தன் கையில் இருந்தா போடுவார்? வாடகையில்தான் சேர்ப்பார். இலவசத் தேடலுக்கான கட்டணம் சுற்றி வளைத்து நம்மிடமே வருவது இப்படித்தான்.

தேடல் பெட்டிக்கு வாடகை 2,000 கோடி டாலர்

போன் வாங்கியதும் அதில் எந்தத் தேடுபொறி இருக்கிறதோ, அதையேதான் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். இது நிறுவனங்களுக்கு நல்லாத் தெரியும்.

ஐபோனின் சஃபாரி பிரவுசரில் தானே முதல் தேடுபொறியாக இருக்க, 2022-ம் ஆண்டுக்கு மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். இது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்த தகவல். அந்த வழக்கில்தான், தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். குரோம் பிரவுசரை விற்க உத்தரவிட வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் அவர் ஏற்கவில்லை. ஆனால் போட்டியாளர்களுக்கு இடமே தராத ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டார்.

இந்தியாவிலும் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு போன் சந்தையில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம்.

இந்தியாவில் நடந்தது என்ன?

2015-ல் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற திட்டத்தை ஃபேஸ்புக் இந்தியாவில் முன்வைத்தது. தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். ஏழைகளுக்கு நல்லதுதானே என்றது ஃபேஸ்புக். எது இலவசம் என்பதை ஒரு நிறுவனம் முடிவு செய்தால், அந்தப் பட்டியலில் இல்லாத சின்ன நிறுவனம் எப்படி வளரும் என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று ட்ராய் தடை விதித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. சில மாதங்கள் டேட்டா இலவசம். மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம். கோடிக்கணக்கானோர் முதல்முறையாக இணையத்துக்கு வந்தார்கள். 2020-ல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாயும், கூகுள் 33,737 கோடி ரூபாயும் முதலீடு செய்தன. புதிதாக வந்த அந்தக் கூட்டத்தின் மதிப்பு என்ன என்பது இந்த எண்களில் தெரியும்.

அப்போ நமக்கு நஷ்டம் மட்டும்தானா?

அப்படிச் சொல்ல முடியாது. முன்பு பேப்பரிலோ டிவியிலோ விளம்பரம் தர வசதி இல்லாத வீட்டுத் தொழில் செய்பவர்கள், இன்று சில நூறு ரூபாயில் தங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம். மேப்ஸும் மின்னஞ்சலும் பாடம் சொல்லும் வீடியோக்களும் காசில்லாதவருக்கும் கிடைக்கின்றன.

பிரச்னை, விதிகளை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் இருக்கு. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோனில், 'இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா?' என்று கேட்கும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தது. அதனால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் பாதிக்கும் என்றது மெட்டா. கேட்டால் பலரும் 'வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள். அதுவரை நம்மை யாரும் கேட்கவே இல்லை.

வாட்ஸ்அப்பும் இதே பாதைக்கு வந்துவிட்டது. ஸ்டேட்டஸ் இருக்கும் பகுதியில் விளம்பரம் வரும் என்று 2025 ஜூனில் மெட்டா அறிவித்தது.

நீங்க என்ன செய்யலாம்?

- ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் 'ஆட்ஸ்' என்று தேடுங்கள். உங்கள் விளம்பர ஐடியை அழிக்கும் வசதி புதிய போன்களில் இருக்கும்.

- ஐபோனில் பிரைவசி பகுதியில் உள்ள 'டிராக்கிங்' அனுமதியை ஆஃப் செய்யலாம்.

- கூகுளில் தேடும்போது மேலே 'ஸ்பான்சர்டு' என்று இருந்தால், அது காசு கொடுத்துப் பிடித்த இடம். குறிப்பாக வங்கி, கஸ்டமர் கேர் எண்களைத் தேடும்போது அதைத் தாண்டிக் கீழே பாருங்கள்.

- டார்ச் லைட் ஆப் உங்கள் லொகேஷனைக் கேட்டால், எதுக்கு என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் விளம்பரம் நிற்காது. உங்களைப் பற்றிய தகவலை வைத்துக் குறிபார்த்து வரும் விளம்பரம் குறையும். இந்தியாவில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நம் தகவலை எடுக்கும் முன் நம் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்தச் சம்மதக் கேள்வி திரையில் வரும்போது, படிக்காமல் 'ஓகே' தட்டுவதா, நின்று படிப்பதா என்பது மட்டும் இப்போதைக்கு நம் கையில் இருக்கு.