ராஜபாளையத்து நூலும் செங்கோட்டைக் காற்றும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார நூற்பாலைகளில் கதிர்கள் இரவு பகலாகச் சுற்றுகின்றன. பஞ்சுக்கு அடுத்தபடி ஆலைக்குப் பெருஞ்செலவு கரண்டு பில்தான். அதனால்தான் 1990களிலேயே தமிழ்நாட்டு மில்காரர்கள் சொந்தக் காற்றாலைகளில் பணம் போட்டார்கள். வருமான வரிச் சலுகையும் கைகொடுத்தது.

ஆனால் காற்றாலையை மில் வாசலில் நட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடும். மலை தாழ்கிற கணவாய்களில்தான் அது நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பாயும். செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பித் தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு முப்பந்தல்.

கணவாய்க்கு ஏன் இத்தனை மதிப்பு? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. நொடிக்கு 4 மீட்டர் காற்றில் பேருக்குச் சுற்றும் இயந்திரம் 12 மீட்டரை ஒட்டி முழுத் திறனை எட்டிவிடும். 25 மீட்டரைத் தாண்டினால், பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். இறக்கையைக் காற்று வெறுமனே தள்ளிச் சுற்றுவதில்லை. இறக்கையின் வளைவால் அதன் இரு பக்கங்களிலும் அழுத்தம் மாறுபடுகிறது. விமானத்தைத் தூக்குகிற அதே விசை இங்கே இறக்கையை இழுத்துச் சுழற்றுகிறது. பெரிய இயந்திரம் நிமிடத்துக்குப் பதினைந்து சுற்றுதான் சுற்றும். உச்சியிலுள்ள கியர்பாக்ஸ் அதை ஆயிரத்துக்கு மேல் உயர்த்தி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். நிலக்கரி வேண்டாம், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், அடியில் ஆடு மேயலாம்.

சிக்கல் காலண்டரில் இருக்கிறது. காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை. மில் ஓடுவது வருடம் முழுக்க. இந்த இடைவெளியை அடைத்தது ‘பேங்கிங்’ ஏற்பாடு. ஆடியில் மிஞ்சிய யூனிட்டுகளை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. வாரியம் அந்த மின்சாரத்தை எங்கும் சேர்த்து வைப்பதில்லை. அன்றைக்கே விநியோகித்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் வேறு மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. அதன் செலவு யார் தலையில் என்பது நெடுநாள் தகராறு. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கவும் ஒரு வழி உண்டு: காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைக்கும் அத்தகைய நிலையங்கள் இன்னும் பல வேண்டும். அவையும் சில மணி நேர ஏற்றத்தாழ்வைத்தான் சமாளிக்கும், மாதக்கணக்கான இடைவெளியை அல்ல.

இன்னொரு குறை, பறவைகளுக்கு. மகாராஷ்டிரத்துச் சால்கேவாடி மேட்டுநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், காற்றாலைப் பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் குறைந்தும், அவை தின்னும் ஒரு வகை ஓணான்கள் பெருகியும் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 2021 முதல் புலிகள் காப்பகம். அந்தச் சரிவுகளில் காற்றாலை வேண்டாம், இருக்கிற இடங்களையே நன்றாகப் பயன்படுத்தலாம். முப்பந்தலில் மிக நல்ல காற்றுள்ள இடங்களில் 250 கிலோவாட் அளவிலான பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, 2 மெகாவாட்டுக்கு மேற்பட்டவற்றை நிறுத்துவதே முதல் வேலை. ஒரு பெரிய இயந்திரத்துக்குப் பல சிறியவற்றின் இடம் தேவை, அவற்றின் உரிமையாளர்களோ வெவ்வேறு பேர். அவர்களை ஒரே ஒப்பந்தத்தில் கொண்டுவர அரசு முன்னின்றாக வேண்டும்.