சாவில்லாச் சித்திர வீரர்கள்

மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய நூல்களை அடுக்கி விற்கும் கடைகளை நம் வாசகர்கள் நன்கு அறிவர். அவ்வடுக்குகளின் இடையே எப்போதேனும் நிறம் மங்கிய சித்திரக் கதைப் புத்தகம் ஒன்று அகப்படும். அட்டையில் முகமூடி தரித்த வீரன் ஒருவன் வெண்குதிரை மீது வீற்றிருப்பான். அதைக் கண்ட மாத்திரத்தில் அறுபது வயதினரும் சிறுவராகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

ஃபாண்டம் என்னும் அவ்வீரனை அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபால்க் 1936-இல் படைத்தார். 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார், அந்நாளில் பம்பாய் எனப் பெற்ற நம் நகரிலிருந்து, 'இந்திரஜால் காமிக்ஸ்' என்னும் வெளியீட்டை அவன் கதையுடனேயே தொடங்கினர். ஆங்கிலம், இந்தி, மராத்தி மொழிகளில் தோன்றிய அது பின்னர்த் தமிழிலும் வெளிவந்தது. 1990 வரை நீடித்தது. மூலக்கதையில் அவன் வாழும் 'பெங்கல்லா' என்னும் நாடு நம் வங்காளத்தை நினைவூட்டும் என்று கருதிப் போலும், இங்கே அதற்கு 'டெங்காலி' எனப் பெயர் மாற்றினர். ராணி காமிக்ஸ் படித்தோர் அவனை 'முகமூடி வீரர் மாயாவி' என்று அறிவர்.

இக்கதையின் கவர்ச்சி எதில் உள்ளது? கானகத்து மக்கள் அவனை நானூறு ஆண்டுகளாக வாழும் சாவில்லாதவன் என்று நம்புகின்றனர். உண்மையோ வேறு. 1536-இல் கடற்கொள்ளையரால் தந்தையை இழந்த இளைஞன் ஒருவன், கொன்றவனின் மண்டை ஓட்டின் மீது ஆணையிட்டுக் கொடுமையை எதிர்க்கப் புறப்பட்டான். அவனுக்குப் பின் அவன் மகன், அவனுக்குப் பின் பேரன் என, இன்றுள்ளவன் இருபத்தோராவது தலைமுறையினன். ஒரு கதையில் பதினேழாம் மாயாவி செயலற்றிருந்தபோது, அவனுடைய உடன்பிறந்தாள் ஜூலி முகமூடி அணிந்து அவன் கடமையை ஆற்றினாள். இந்த இரகசியம் கதையில் வருவோருள் மிகச் சிலருக்கே தெரியும். வாசகனுக்கோ முழுவதும் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பெருமிதம் வேறு உண்டோ!

வாசகர் கொண்ட கருத்துகள் ஒரு தன்மையன அல்ல. பப்புவா நியூ கினியின் மலைநாட்டுப் போர்வீரர்கள் தம் கேடயங்களில் இவன் உருவத்தைத் தீட்டினர். சாகாதவன் படம் தம்மையும் காக்கும் என்பது அவர்கள் எண்ணம். வெள்ளையன் ஒருவன் கானக மக்களுக்குக் காவலனாவதா என்று குறைகூறியோரும் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்திரஜால் வெளியீட்டில் பணியாற்றிய அனந்த் பை, 1967-இல் தொலைக்காட்சி வினாப் போட்டி ஒன்றைக் கண்டார். கிரேக்கப் புராண வினாக்களுக்கு விடை கூறிய மாணவர்கள் இராமனின் தாய் யார் என்று கூற இயலாமல் தவித்தனர். அவ்வாண்டே அவர் பம்பாயில் 'அமர் சித்திரக் கதை' வரிசையைத் தொடங்கினார். குறைகூறுவதோடு நில்லாமல் வேறொன்றைப் படைத்துத் தந்த வாசகர் அவர் எனலாம்.

மேனாட்டில் 1989 முதல் 1996 வரை எழுபத்தைந்து இதழ்களாக வந்த 'சாண்ட்மேன்' என்னும் சித்திரக் கதையும் சாவின்மையைப் பற்றியதே. நீல் கெய்மன் எழுதிய அக்கதையில் விதி, மரணம், கனவு, அழிவு, வேட்கை, விரக்தி, பித்து என்னும் எழுவர் உடன்பிறந்தார். அவர்களுள் மரணம் என்பவள் எருமையேறிப் பாசம் வீசி வருபவள் அல்லள். பரிவோடு பேசிக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் இளநங்கை. அன்புக்குரியோரை இழந்த வாசகர் பலர், இவளால் தாம் ஆறுதல் பெற்றதாக ஆசிரியரிடம் கூறியதுண்டு. அசுவத்தாமனுக்குச் சாவின்மை சாபமானதையும், மார்க்கண்டேயனுக்கு அதுவே வரமானதையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையன்று. ஆயினும் கதையின் முடிவு சிந்திக்கத்தக்கது. கனவின் தலைவன் மடிகிறான். வேறொருவன் அந்தப் பொறுப்பை ஏற்கிறான். அழியாதது ஆள் அன்று, ஏற்ற பணியே என்பதில் மாயாவியும் சாண்ட்மேனும் ஒன்றுபடுகின்றனர்.

இதனை நாம் இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அவருள் பலர் தமிழ் எழுத்தைப் படிக்க அறியார். பாட்டனார் ஊரிலிருந்து கொண்டுவந்த மொழி பேரனிடம் செவியளவில் நின்றுவிடுகிறது. அடுத்த தலைமுறையில் அதுவும் நிலைக்குமோ என்னும் அச்சம் நமக்கு இல்லாமல் இல்லை. மொழி சாகாது என்று மேடையில் முழங்குவது எளிது. ஒவ்வொரு தலைமுறையும் ஏற்றுக்கொண்டால் அன்றி எதுவும் சாகாமல் இராது.

சித்திரக் கதை படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று தடுக்கும் பெற்றோர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பேச்சுக் குமிழியில் உள்ளவை சிறு வாக்கியங்கள். படமே பாதிப் பொருளை உணர்த்திவிடும். அடுத்து என்ன ஆகும் என்னும் ஆவல் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தூண்டும். சிவகாசியில் 1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸும், 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸும் வாசகர் கடிதங்களுக்கு இடம் தந்து வளர்ந்தவை. அவற்றால் எழுத்தார்வம் பெற்ற தமிழர் எண்ணற்றோர்.

ஆகவே அன்பர்களே, அடுத்த ஞாயிறன்று ஒரு தமிழ்ச் சித்திரக் கதையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். முதற் பக்கத்தை நீங்கள் படியுங்கள். இரண்டாம் பக்கத்தை அவன் படிக்கட்டும், அல்லது அவள் படிக்கட்டும். தடுமாறினால் பொறுத்திருங்கள். கதை முடிந்தபின் என்ன தோன்றியது என்று கேளுங்கள். அந்த விடையைத் தமிழில் இரண்டு வரி எழுதச் செய்து நமக்கு அனுப்பினால், பிழை இருப்பினும் மகிழ்வோடு வெளியிடக் காத்திருக்கிறோம்.