வலிப்பின் கதை – 12: பசியைத் தேடியவர்கள் கண்ட பிரேக்

வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒதுங்கிக் கிடக்கும் எலி. அதன் மூளைக்குள் நியூரோபெப்டைடு ஒய் என்ற பொருளைத் துளியளவு செலுத்தினால், பல நாள் பட்டினி கிடந்ததுபோலத் தீனித் தட்டில் மறுபடியும் விழும். 1982-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கசுஹிகோ தாத்தெமோத்தோ பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தது இது. 36 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, அதாவது ஒரு பெப்டைடு, அவ்வளவுதான். பசியைத் தூண்டும் பொருள் என்றே அதற்குப் பெயராகிவிட்டது.

அப்படியென்றால், இது இல்லாத பிராணி இளைத்துத் துரும்பாக வேண்டுமே? சியாட்டிலில் ரிச்சர்ட் பால்மிட்டரின் குழு இதைத் தயாரிக்கும் மரபணுவையே நீக்கிச் சுண்டெலிகளை உருவாக்கியது. (1982-ல் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைப் புகுத்தி ராட்சதச் சுண்டெலியைப் பிறக்கவைத்தவர்களில் இவரும் ஒருவர்.) சுண்டெலிகள் இளைக்கவே இல்லை. நன்றாகத் தின்றன, எடையும் போட்டன. ஆனால் சிலவற்றுக்கு அவ்வப்போது வலிப்பு வந்தது! 1996-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே வலிப்பும் ஏறிக்கொண்டது.

மறு ஆண்டு ஸ்காட் பராபனும் பால்மிட்டரும் சகாக்களும் செய்த சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கெய்னிக் அமிலம் என்றொரு பொருள் உண்டு. ஜப்பானில் குடற்புழு நீக்கப் பயன்பட்ட சிவப்புக் கடற்பாசியில் இருப்பது. அதைக் கொடுத்தால் சுண்டெலிக்கு வலிப்பு வரும். மரபணு நீக்கியவை, நீக்காதவை இரண்டுக்கும் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே அளவு மருந்தில், இரண்டுக்கும் வலிப்பு தொடங்கியது. அதன் பிறகுதான் வித்தியாசம். நீக்காதவை பெரும்பாலும் பிழைத்தன. நீக்கியவற்றில் வலிப்பு அடங்காமல் முற்றி 93 சதவீதம் செத்தன. முன்கூட்டியே மூளை அறைக்குள் பெப்டைடைச் செலுத்தியபோது அந்தச் சாவு தடுக்கப்பட்டது.

வலிப்பு ஏன் வருகிறது என்றே எல்லோரும் கேட்கிறோம். வந்த வலிப்பு தானாக ஏன் நிற்கிறது என்பதும் அதே அளவுக்குப் பெரிய கேள்விதான்.

பெப்டைடுகள் நரம்பு முனைகளில் பெரிய பைகளில் அடைபட்டிருக்கும். நியூரான் படபடவெனத் தொடர்ந்து சுடும்போதுதான் அவை தாராளமாக வெளியேறும். வெளிவந்த பெப்டைடு, முனையிலுள்ள ஒய்2 ஏற்பிகளில் ஒட்டி, தூண்டும் பொருளான குளூட்டமேட் சுரப்பதைக் குறைக்கிறது. வேகம் கூடினால் தானே இறங்கும் பிரேக். வலிப்புக்குப் பிறகு எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், வழக்கமாக இதைத் தயாரிக்காத நரம்பிழைகள்கூடத் தயாரிக்கத் தொடங்குகின்றன.

இதை மாத்திரையாக விழுங்க முடியுமா? முடியாது. குடலிலும் ரத்தத்திலும் துண்டுதுண்டாகிவிடும்; மிஞ்சியதும் மூளையின் ரத்தத் தடுப்பை எளிதில் தாண்டாது. அதனால் மிலான் நகரின் அன்னமரியா வெசானி குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். தீங்கற்ற வைரஸில் இந்தப் பெப்டைடின் மரபணுவை ஏற்றி எலியின் ஹிப்போகாம்பஸுக்குள் செலுத்தினார்கள்; 2004-ல் வெளியான முடிவுகளில் வலிப்பு தணிந்தது. 2008-ல், ஏற்கெனவே நோய் வேரூன்றிய எலிகளிலும் பலன் தெரிந்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஹிப்போகாம்பஸ் நினைவுக்கான இடம், கற்றலுக்கும் குளூட்டமேட் தேவை. பெப்டைடை மிகையாகச் சுரக்கவைத்த எலிகள் கற்பதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன.

எல்லாப் பெப்டைடும் பிரேக் அல்ல. குட்டி எலிகளில் வலிப்பையே கிளப்பிவிடும் ஒரு மன அழுத்தப் பெப்டைடைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)