வேலை கிடைத்தால் போதுமா?



பாலிடெக்னிக்கில் சேரும்போது எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "டிப்ளமோ முடிச்சாப் போதும், கையில தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்கலாம்!" என் அப்பா இதைச் சொல்லித்தான் அண்ணனை மெக்கானிக்கல் சேர்த்தார். நாலு வருஷம் கழித்து என்னையும் சேர்த்தார். இதில் பொய் இல்லை, ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியை எங்கள் வீட்டில் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இறுதியாண்டு முழுக்க கேம்பஸ் இன்டர்வியூ பேச்சாகவே இருக்கும் இந்த நேரத்தில், அதை நம் பேரவை மலரில் எழுதினால் நாலு பேருக்காவது உதவும் என்று தோன்றியது.

அண்ணன் முதல் வகுப்பில் பாஸ் பண்ணி, கோவைப் பக்கம் ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷினில் வேலைக்குச் சேர்ந்தான். கைக்கு வரும் சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. மாதாமாதம் பி.எஃப். பிடித்தம் போக மீதியைக் கொடுத்தார்கள். போன வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பி.எஃப்.பில் கொஞ்சம் அட்வான்ஸ் எடுக்கலாமென்று பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால், 14 மாதப் பணம் ஏறவே இல்லை! கம்பெனி ஆபீசில் கேட்டதற்கு, "நீ எங்க ஆளே இல்லப்பா, கான்ட்ராக்டர் ஆளு. அவரைப் போய்க் கேளு" என்றார்கள். கான்ட்ராக்டரோ மாறிப் போயிருந்தார். தான் கான்ட்ராக்ட் தொழிலாளி என்பதே அண்ணனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சேரும்போது கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டானே தவிர, படிக்கவில்லை.

மூன்று வருஷம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்த நமக்கு, நம் ஆர்டரைப் படிக்க யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தப் பெயரில் சேர்கிறோம்?

டிப்ளமோ முடித்தவர்களைக் கம்பெனிகள் பல பெயர்களில் எடுக்கின்றன. வேலை ஒன்றாக இருந்தாலும் பெயர் மாறினால் நம் நிலைமையே மாறிவிடும்.

முதலாவது, அப்ரண்டிஸ். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-இல் செய்த திருத்தத்தால் டிப்ளமோ படித்தவர்களும் இதற்குள் வந்தார்கள். பயிற்சிக் காலம் ஒரு வருஷம். கம்பெனியோடு நாம் போடும் ஒப்பந்தம் சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிவாகும். முடித்ததும் மத்திய அரசின் சான்றிதழ் உண்டு. 2019-இல் திருத்திய விதிகளில் டிப்ளமோவுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். இதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. இந்த வாய்ப்பு ஒருமுறைதான்.

இரண்டாவது, டிரெய்னி. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். வாரியத்தில் பதிவு எதுவும் இல்லாமல் 'டிரெய்னி' என்று பெயர் மட்டும் வைத்து, முழு ஷிப்ட் புரொடக்‌ஷன் பார்க்க வைக்கிற இடங்கள் உண்டு. அப்ரண்டிசுக்குக் கிடைக்கும் அரசுச் சான்றிதழும் இல்லை, தொழிலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் இல்லை. இரண்டு பக்கமும் நஷ்டம் நமக்குத்தான்.

மூன்றாவது, கான்ட்ராக்ட். மெஷின் கம்பெனியுடையது, சம்பளம் கான்ட்ராக்டருடையது. ஆர்டரின் தலைப்பில் யார் பெயர் அச்சடித்திருக்கிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். அண்ணன் பார்க்கத் தவறியது இதைத்தான்.

நான்காவது, குறிப்பிட்ட கால நியமனம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று தேதி போட்டு கம்பெனியே எடுப்பது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இப்படிச் சேருகிறவர்களுக்கு ஒரு வருஷம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு. அதற்கு முன்பு ஐந்து வருஷம் தேவைப்பட்டது. எல்லாத் தொழிலாளிக்கும் எழுத்தில் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் இதே சட்டங்களில் இருக்கிறது. எனவே "ஆர்டரெல்லாம் அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்று யாராவது சொன்னால், சட்டப்படி அது சரியில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிடித்தம் எங்கே போகிறது?

சம்பளத்தில் பிடித்தால் நமக்கு எரிச்சல் வருகிறது. "பி.எஃப். வேண்டாம் சார், கையிலேயே கொடுத்துடுங்க" என்று கேட்கும் சீனியர்களை நானே பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 1,440. அதே அளவு முதலாளியும் போட வேண்டும். அவர் பங்கில் 8.33 சதவீதம், சுமார் 1,000 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போகும். மீதி 440 நம் பி.எஃப்.பில் சேரும். நாம் விடுவது 1,440, நம் பேரில் சேர்வது 2,880! அந்தப் பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். கம்பெனி மாறினாலும் ஒரே யூ.ஏ.என். நம்பரில் தொடர்ந்தால் சர்வீஸ் அறுந்து போகாது.

அண்ணன் கணக்கில் 14 மாதம் ஏறவில்லை என்றேன் அல்லவா? அவன் சம்பளமும் இதே அளவுதான். அவனிடம் பிடித்தது மட்டும் 20,160 ரூபாய். முதலாளி பங்கையும் சேர்த்தால் 40,320.

இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். 2019 ஜூலை முதல் நம் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு நாம் கொடுப்பது நூற்றுப் பதிமூன்று ரூபாய். அதற்கு நமக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. மெஷினில் கை மாட்டினால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். பவர் பிரஸ் பக்கத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு விஷயம். கான்ட்ராக்டர் பணம் கட்டாவிட்டால் கம்பெனி கைகழுவ முடியாது. கான்ட்ராக்ட் ஆட்களின் பி.எஃப்.புக்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு. இது தெரிந்த பிறகுதான் அண்ணனும் கூட வேலை பார்த்த எட்டுப் பேரும் சேர்ந்து பி.எஃப். அலுவலகத்தில் சம்பளச் சீட்டுகளோடு புகார் கொடுத்தார்கள். இதுவரை 11 மாதப் பணம் ஏறியிருக்கிறது. மூன்று மாதம் இன்னும் இழுபறியில்தான். சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் இதாவது நடந்தது.

பெரிய கம்பெனி என்றால் கவலை இல்லையா?

"பெரிய கம்பெனியில ஏறிட்டா லைஃப் செட்டில்" என்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-இல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்களும் நம்மைப் போல் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள்தான்.

தொழிலும் மாறுகிறது. பேட்டரி வண்டியில் பிஸ்டன் இல்லை, சைலன்சர் இல்லை, கியர்பாக்ஸும் பழைய மாதிரி இல்லை. அந்தப் பாகங்களைச் செய்யும் பட்டறைகளுக்கு இது பெரிய கேள்வி. ஆனால் மோட்டார், ஒயரிங், கன்ட்ரோலர் வேலை கூடுகிறது. லேத் ஓட்டத் தெரிந்தவன் சி.என்.சி. புரோகிராமிங் கற்றதுபோல, மெக்கானிக்கல்காரன் கொஞ்சம் எலக்ட்ரிக்கலும் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் இது. அளவுக்கருவி பிடிக்கத் தெரிந்தவனுக்கும், டிராயிங் படிக்கத் தெரிந்தவனுக்கும் எந்தத் தொழிற்சாலையிலும் இடம் உண்டு. ஆகவே லேப் வகுப்பை 'ரெக்கார்டு நோட்டு' எழுதி மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.

அரசு வேலைக்கும் வழி இருக்கிறது. ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு டிப்ளமோ போதும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். ஆனால் அதையே நம்பி வீட்டில் உட்காரவும் கூடாது.

கடைசியாக என் கதை. சென்ற மாதம் இரண்டு இடத்தில் செலக்ட் ஆனேன். ஒன்று, டிரெய்னி என்ற பெயரில் மாதம் 14,000. "வாரியத்தில் பதிவு உண்டா, ஆர்டர் யார் பெயரில் வரும், பி.எஃப். உண்டா?" என்று மூன்று கேள்வி கேட்டேன். "வேலைக்கே சேரல, அதுக்குள்ள ரூல்ஸ் பேசறியா?" என்று சிரித்தார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கேட்டார்கள். மற்றொன்று முறைப்படியான அப்ரண்டிஸ், கையில் வருவது குறைவு. நான் இரண்டாவதில் சேரப் போகிறேன். மாதம் பல ஆயிரம் குறைகிறதே என்று அம்மாவுக்கு வருத்தம்தான், அண்ணன் கல்யாணக் கடன் வேறு இருக்கிறது. இது சரியாக வருமா என்று எனக்கும் கொஞ்சம் பயம் இருக்கிறது.

அப்பா மட்டும் ஒன்று சொன்னார். அவர் வேலை பார்த்த ஸ்பின்னிங் மில்லை மூடியபோது கைக்கு வந்தது பி.எஃப். பணம் மட்டும்தான். "அன்னிக்குப் பிடிச்சாங்கன்னு நானும் திட்டினவன்தான் கண்ணு. அந்தப் பணத்துலதான் நீ பாலிடெக்னிக்ல சேர்ந்தே."

நண்பர்களே, கையெழுத்துப் போடுவதற்கு முன் தயவுசெய்து ஒருமுறை படியுங்கள்!