கோட்டை மதிலில் எரிந்த மத்தாப்பு

கோவை உக்கடத்தை ஒட்டிய கோட்டைமேட்டில் இன்று கோட்டை இல்லை. பெயரும் கோட்டை ஈஸ்வரன் கோயிலும்தான் மிச்சம். 1791-இல் ஆங்கிலேயரின் லெப்டினன்ட் சால்மர்ஸ் சிறு படையோடு அன்றைய கோட்டைக்குள் இருக்க, திப்பு சுல்தானின் படை வெளியே சூழ்ந்து நின்றது. ஆகஸ்டில் ஏறிவந்தவர்களை விரட்டியடித்தும், நவம்பரில் கோட்டை பணிந்தது.

முற்றுகைக்காலத்தில் பகலைவிட இரவுதான் பயம். பள்ளம் வெட்டி நெருங்குகிறவனும் ஏணி சாத்த வருகிறவனும் இருட்டுக்காகவே காத்திருப்பார்கள்.

அக்காலத்தில் கைவிளக்கு என்றால் தீவட்டிதான். கம்பியின் நுனியில் பழந்துணியை இறுகச் சுற்றி, எண்ணெய் விட்டுவிட்டு எரிப்பார்கள். வாசலுக்கும் படிக்கட்டுக்கும் அது போதும். மதில்மேல் அதுவே வினை. ஏந்தி நிற்பவனுக்குக் கண் கூசும், சற்றுத் தள்ளி இருப்பது தெரியாது. கீழே பதுங்கியிருப்பவனுக்கோ அவன் பளிச்சென்று தெரிவான். வெளிச்சம் எதிரிமேல் விழ வேண்டும், காவலாள் நிழலில் நிற்க வேண்டும். இதுதான் கோட்டை விளக்கின் முழு சூட்சுமமும்.

அந்தச் சிக்கலைத் தீர்த்தது மத்தாப்பு. பாரசீகத்தில் மஹ்தாப் என்றால் நிலவொளி. நம் தீபாவளிச் சொல் அங்கிருந்து வந்ததுதான். வெடியுப்பு, கந்தகம், கூடவே அஞ்சனக்கல் அல்லது மனோசிலை. இவ்வளவுதான் கலவை. எண்ணெய் விளக்குக்கு வெளிக்காற்று வேண்டும். சங்ககிரி மாதிரி மலைக்கோட்டையில் அதே காற்று சுடரை அடித்து அணைத்துவிடும். மத்தாப்புக்கு அந்தக் கவலை இல்லை. சூடேறும் வெடியுப்பே ஆக்சிஜனைக் கொடுக்கிறது. அஞ்சனக்கல்லில் உள்ள ஆன்டிமனி எரிந்து, நுண்துகள்களாய் வெண்சூட்டில் ஒளிர்கிறது. நீலம் கலந்த வெண்மையில் களமே தெரியும்.

1799-இல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆங்கிலேயர் தாக்கியபோது, நீலவிளக்குகள் எனப்பட்ட இந்த மத்தாப்புகள் எரிந்தபோதெல்லாம் ராக்கெட்டுகளும் மழையாய் வந்தன என்று பெய்லி என்ற ஆங்கிலப் படை அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். விளக்கு குறியைக் காட்டியது, ராக்கெட் அங்கே பாய்ந்தது.

இந்த ஒளியின் உயிர் வெடியுப்பு. தமிழ்நாட்டில் உப்பிலியர்கள் உவர்மண்ணை நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி அதை எடுத்தார்கள். அந்த உழைப்பை நம் போர் வரலாறுகள் கண்டுகொள்ளவே இல்லை. இது பெரிய குறைதான்.

கலவையில் சேரும் மனோசிலை ஆர்சனிக் தாது. அதன் புகை நஞ்சு. பட்டாசுகளில் ஆர்சனிக், ஆன்டிமனி உள்ளிட்ட ஐந்து தனிமங்களைச் சேர்க்கக்கூடாது என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.