யந்திரத்தின் சிக்கனத்துக்கு எது பிரமாணம்?

அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் வகுத்த ‘லீட்’ என்னும் தரச்சான்று முறையில், அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகப் பிளாட்டினம் என்ற உயர்ந்த தகுதியைப் பெற்ற கட்டடம், ஹைதராபாத்திலுள்ள சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வர்த்தக மையமாகும். 2004 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். பகல் வெளிச்சத்தை உள்ளே வரவழைத்து, வெப்பத்தை வெளியே நிறுத்தி, குளிர்சாதனத்தின் பாரத்தைக் குறைப்பதுதான் பசுமைக் கட்டடத்தின் லட்சணம் என்பது அலுவலகங்களுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் அதே சான்றை நாடி வரும் தொழிற்சாலைகள் பலவற்றில், மின்கட்டணத்தின் பெரும்பகுதியை விழுங்குபவை விளக்குகளல்ல, உற்பத்தி யந்திரங்கள். அங்கே மிச்சமாகும் மின்சாரத்துக்கு எவ்வாறு கணக்குக் காட்டுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லீட் முறை, ‘ஆஷ்ரே’ என்னும் பொறியாளர் சங்கத்தின் 90.1 என்ற நியமத்தைத் தழுவி நடப்பது. அதன்படி ஒரே கட்டடத்துக்குக் கணினியில் இரண்டு உருவங்கள் சமைக்கப்படுகின்றன: நியமம் கோரும் குறைந்தபட்சத் தகுதிகளோடு மட்டும் கட்டியிருந்தால் எப்படியிருக்கும் என்பது ஒன்று, உண்மையில் கட்டப்போவது மற்றொன்று. இரண்டின் ஆண்டு எரிசக்திச் செலவுக்கும் உள்ள வித்தியாசமே சேமிப்பு. குளிர்சாதனம், விளக்கு, வெந்நீர் ஆகியவற்றுக்கு நியமமே அளவுகோல் தருகிறது. கணினி, சமையலறைச் சாதனங்கள், உற்பத்தி யந்திரங்கள் முதலியவை செயல்முறை ஆற்றல் என்று தனியே வைக்கப்பட்டு, இரண்டு உருவங்களிலும் ஒரே அளவாகக் கொள்ளப்படுகின்றன. தராசின் இரு தட்டிலும் ஒரே கல்லை வைத்தாற்போல, அவற்றில் எவ்வளவு சிக்கனம் செய்தாலும் முள் அசையாது. 2009ஆம் ஆண்டின் லீட் பதிப்பு, ஒப்பீட்டுக் கட்டடத்தின் மொத்த எரிசக்திச் செலவில் 25 சதவீதம் செயல்முறைக்குரியது என்று பொதுவாக அனுமானித்துக்கொண்டு, அதற்குக் குறைவாகக் காட்டுவோரிடம் ஆதாரம் கேட்டது.

செயல்முறை ஆற்றலை இரண்டு உருவங்களிலும் ஒரே அளவாகக் கொள்ளும் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. விசேஷக் கணக்கீட்டு முறை என்ற அந்த வழியில் செல்ல விரும்புவோர், வழக்கமான யந்திரம் எது, தாம் நிறுவுவது எது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்ற மூன்றையும் தனி விளக்கமாக எழுதி, ஆதாரங்களோடு சமர்ப்பிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் வார்ப்பாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய ரக ஹைட்ராலிக் யந்திரத்தில், அச்சு மூடி, உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்து, பொருள் குளிர்ந்து இறுகும் வரை காத்திருக்கும் நேரத்திலும் எண்ணெய்ப் பம்பு இடைவிடாது சுழன்றுகொண்டே இருக்கும்; அதனால் சூடேறும் எண்ணெயைக் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். முழுமின் யந்திரத்திலோ, அசைவு தேவைப்படும் கணங்களில் மட்டுமே மோட்டார்கள் இயங்குகின்றன. கணக்கின் வசதிக்காக, ஒரு கிலோ பொருளுக்கு முன்னது 1 யூனிட், பின்னது அரை யூனிட் எடுப்பதாகவும், ஆண்டுக்கு 120 டன் உற்பத்தி என்றும் வைத்துக்கொண்டால், 60,000 யூனிட் மிச்சமாகிறது. இங்கே மணிக்கணக்கில் ஒப்பிடாமல் கிலோக்கணக்கில் ஒப்பிட்டதைக் கவனிக்க வேண்டும். உற்பத்தி குறைந்ததால் குறைந்த மின்சாரம் சேமிப்பு ஆகாது.

கணக்கு இவ்வளவு சுலபமாயினும், நிரூபணம் சுலபமன்று. ஹைட்ராலிக் யந்திரமே வழக்கம் என்று விண்ணப்பதாரர் சொல்லிவிட்டால் போதாது. அண்மையில் கட்டப்பட்ட அதே வகை ஆலைகளில் என்ன நிறுவப்பட்டிருக்கிறது என்ற விவரமோ, மின்மானி வைத்து அளந்த ஆய்வின் முடிவோ அதற்குத் துணை நிற்க வேண்டும். புதிய ஆலைகள் எல்லாமே முழுமின் யந்திரத்துக்கு மாறிவிட்ட ஒரு தொழிலில், அதை வாங்கியதற்காக லீட் மதிப்பீட்டில் புள்ளி கேட்பது நியாயமாகாது. எங்கும் மறைந்துபோன ஒரு பழைய யந்திரத்தை ஒப்பீட்டுக்கு நிறுத்திச் சேமிப்பைப் பெருக்கிக் காட்டும் ஆசை எழுவது இயற்கை. அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் சான்றிதழின் யோக்கியதையே கெட்டுவிடும்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. சிக்கன யந்திரம் குறைந்த வெப்பத்தை வெளியிடுவதால், குளிரூட்டப்பட்ட கூடத்தில் குளிர்சாதனத்தின் பாரமும் குறையும்; இந்த லாபத்தைக் கணினி உருவம் ஏற்கெனவே கணக்கில் சேர்த்திருந்தால், விசேஷக் கணக்கில் மறுபடியும் சேர்க்கலாகாது. மேலும், சேமிப்பைக் கட்டணமாகக் காட்டும்போது, மின்சாரம் மிச்சமாகும் நேரத்துக்குரிய கட்டண விகிதத்தையே கொள்ள வேண்டும். மாலை உச்சநேர விகிதத்தை நாள் முழுவதற்கும் விரிப்பது பிழையாகும்.

ஆகவே ஆவணம் தயாரிக்கும் வேலை, கட்டடம் எழுந்தபின் தொடங்குவதன்று. எந்த யந்திரத்தை வாங்குவது என்று ஆலோசிக்கும் நாளிலேயே, வேண்டாமென்று விட்டதன் விலைப்புள்ளியும் திறன் விவரமும் கோப்பில் ஏற வேண்டும். முக்கியமான யந்திரங்களுக்குத் தனித்தனி மின்மானி பொருத்துவதும் திட்ட வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். அப்படிச் செய்கிற ஆலைக்குக் கிடைப்பது சில புள்ளிகள் மாத்திரமல்ல. ஒரு கிலோ பொருளுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அதற்கு என்றும் தெரிந்திருக்கும். அந்த அளவு ஏறத் தொடங்கும்போது, மாதக் கட்டணம் வந்து சொல்லுமுன்பே பழுதைக் கண்டு திருத்த அதனால் முடியும்.